ஒரே தடவைதான் போடுவாங்க

பர்னாலா
18 நவம்பர் 2017

மச்சான் குர்ஜண்ட்,

உன் கடிதம் நேத்து வந்துது. உறை நனைஞ்சு காஞ்சு அப்பளம் மாதிரி மொறுமொறுன்னு இருந்துது. மேல போன் எடுக்காது, ஹெலிகாப்டர் இறங்கினாத்தான் தபால்னு எழுதியிருக்கே. நல்லதுதான். போன்னா நான் பேசமாட்டேன், காதுல வெச்சுக்கிட்டு சும்மா நிப்பேன். "உனக்குப் போன் போடறதும் வயல் மோட்டாருக்குப் போன் போடறதும் ஒண்ணுடா, ஓடற சத்தம் மட்டும்தான் கேக்குது"ன்னு எங்கப்பா சொல்றார்.

நீ கேட்டதுக்குப் பதில். வீரோவுக்கு எல்லாம் முறையா முடிஞ்சுது. குருத்வாராவுல கிரந்தம் படிச்சு பாட் வெச்சு, வந்தவங்களுக்கெல்லாம் சாப்பாடு போட்டாச்சு. உன் தங்கச்சியை வழியனுப்ப நீ வரலைன்னு யாரும் ஒரு வார்த்தை சொல்லல. பட்டாளத்துல உன்னைப் பனிக்கு மேல ஏத்தி விட்டுட்டாங்க, எப்படி இறங்குவேன்னு ஊருக்கே தெரியும். எப்படிப் போனான்னு கேட்டிருக்கே. டெங்கு. பிளேட்லெட் இறங்கிக்கிட்டே இருந்துது. கரண்ட் மீட்டரைப் பாக்கற மாதிரி அந்த நம்பரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அவ முகத்தைப் பாத்தேனான்னு ஞாபகம் இல்ல. நம்பர் ஞாபகம் இருக்கு.

சடங்கு முடிஞ்ச மறுநாளே வேலைக்குப் போயிட்டேன். சொந்தக்காரங்க திட்டினாங்க. வீட்ல உக்காந்து என்ன பண்றது? சென்டர்ல முப்பது ஹெட்போன், பாதிக்கு ஒரு காது செத்துப் போச்சு. கனடா போக ஐயெல்ட்ஸ் இங்கிலீஷ் பரீட்சைக்குப் படிக்க வர்ற புள்ளைங்க ஒயரை விரல்ல சுத்திச் சுத்தியே அறுத்துடுதுங்க. உக்காந்து சால்டர் வெச்சுக்கிட்டே இருக்கேன். ஈயப் புகைக்குக் கண்ணுல தண்ணி வருது. யாரும் எதுவும் கேக்கறதில்ல, அது ஒரு சௌகரியம்.

சென்டர் வாசல் போர்டுல வீரோ படம் இன்னும் இருக்கு. அந்தப் பரீட்சையில ஆறரை பேண்டு மார்க் வாங்கினவங்க வரிசையில மூணாவது. அந்த போர்டுக்கு விளக்குப் போடறதும் என் வேலைதானே. முதலாளி தில்லன் பக்கத்துல வந்து நின்னு தொண்டையைச் செருமினார். "பல்தேஜ், நீ சொன்னா எடுத்துடலாம்." "விளக்கு நல்லாத்தான் எரியுது சார்"னேன். அவர் போயிட்டார். அவர் கேட்டது வேற, நான் சொன்னது வேறன்னு வீட்டுக்கு வந்துதான் புரிஞ்சுது.

கனடா பேச்சு முடிஞ்சுது. அவ படிக்கப் போறவ, நான் அவ பேண்டைப் புடிச்சுக்கிட்டு கூடப் போற புருஷன். நம்ம ஜில்லாவுல பாதிப் பேர் அப்படித்தானே விமானம் ஏறுறானுங்க. அவ இல்ல, அதனால நானும் இல்ல. இதுல யோசிக்க ஒண்ணும் கிடையாது.

ஞாயித்துக்கிழமை ஆனா உங்கம்மா, நம்ம பீஜி, ஆள் விட்டுக் கூப்பிடுறாங்க. போறேன், அவங்க கையால சாப்பிடுறேன், வர்றேன். கீரை நல்லா இருந்துதான்னு கேட்டாங்க. சாப்பிட்டது கீரைன்னு அப்பதான் தெரிஞ்சுது. நல்லா இருந்துதுன்னு சொன்னேன்.

மேல பத்திரமா இரு. ரெண்டு கையுறை போட்டுக்கோ.

உன்
பல்தேஜ்


மேல் முகாம்
9 டிசம்பர் 2017

என் மாப்ளே,

உனக்கும் எங்கப்பா அம்மாவுக்கும் குருவோட கிருபை குறையாம இருக்கட்டும்.

இங்க எல்லாம் வெள்ளை. சாப்பிடற ஆரஞ்சு கல்லு மாதிரி. பந்துன்னு நினைச்சு எங்ககூட இருக்கற நாயர் கிரிக்கெட் ஆடினான், பேட்டு ஒடஞ்சுது. அடுப்புப் புகையில எங்க மூக்கெல்லாம் கரி. கண்ணாடியே பாக்கறதில்ல. பாத்தா எதிரின்னு சுட்டுடுவேன்.

சரி, விளையாட்டு போதும். முக்கியமான விஷயம் எழுதறேன், உக்காந்து படி.

பாலிடெக்னிக்ல நீயும் நானும் ஒரே பெஞ்சு. நான் ஓடிப்போய்ப் பட்டாளத்துல சேந்தேன், நீ டிப்ளமா வாங்கினே. என் தங்கச்சியை உனக்குக் குடுன்னு அப்பாகிட்ட சண்டை போட்டவன் நான்தான். இப்ப வீரோ போனதும் நீ எங்க வீட்டுக்கு யாரு? பிள்ளையாவது இருந்தா அந்தச் சாக்குல வருவே, போவே. பிள்ளையும் இல்ல. இன்னும் கொஞ்ச நாள் ஞாயித்துக்கிழமைக்கு வருவே. அப்புறம் தீபாவளிக்கு. அப்புறம் பஸ் ஸ்டாண்டுல பாத்தா 'சத் ஸ்ரீ அகால்' சொல்லிட்டுப் போயிடுவே. எத்தனை வீட்ல பாத்திருக்கோம்.

அதனால அப்பாவுக்கு எழுதிட்டேன். சின்னத் தங்கச்சி மன்வீரை உனக்கே கட்டி வெச்சுடலாம்னு. அக்கா போன வீட்ல தங்கச்சி போய் விளக்கேத்தறது நம்ம பக்கம் புதுசு இல்ல. அவளுக்கு இருபது முடிஞ்சுது. உன் சென்டர்லயே சேத்து விடு. ஆறரை வாங்கட்டும், ஏப்ரல்ல வைசாகிக்குள்ள தலைல துப்பட்டா போட்டுக் கல்யாணத்தை முடிச்சுடலாம். செப்டம்பர்ல ரெண்டு பேரும் கனடா. வீரோவுக்குக் கிடைக்காதது அவளுக்காவது கிடைக்கட்டும். முன்பின் தெரியாத எவனுக்கோ குடுக்கறதுக்கு, குடிக்காத மாப்ளே நீ இருக்கே. எனக்கு இங்க தூக்கம் வரும்.

உங்கப்பாவுக்கும் சம்மதமாம். இனி உன் வாய்தான். அதுவும் என்னிக்குத் திறந்திருக்கு?

உன் மச்சான்
குர்ஜண்ட்


பர்னாலா
2 ஜனவரி 2018

மச்சான்,

பனிமூட்டம் இங்க கையை நீட்டினா விரல் தெரியல. கோதுமைக்கு ரெண்டாவது தண்ணி விட்டாச்சு. பீஜி உனக்கு நெய் உருண்டை செஞ்சு டப்பாவுல அடைச்சு அனுப்பியிருக்காங்க. உடைஞ்சு வந்தா ஸ்பூனால சாப்பிடு.

கல்யாண விஷயம். ரெண்டு அப்பாவும் பேசிட்டாங்க. என்னையும் கேட்டாங்க. ரீடிங் பேப்பர்ல ஒரு வகைக் கேள்வி வரும், நீ பாத்திருக்க மாட்டே. ஒரு வாக்கியம் குடுப்பான். மேல இருக்கற கட்டுரைப்படி அது சரியா, தப்பா, இல்ல கட்டுரையில அதைப் பத்திச் சொல்லவே இல்லையா. எனக்கு இஷ்டமான்னு கேட்டா அந்த மூணாவதைத்தான் எழுதணும். சொல்லப்படலை. உள்ள தேடிப் பாத்தேன் மச்சான், ஒண்ணும் எழுதியிருக்கல. நீங்க எல்லாரும் நல்லதுன்னு சொன்னா நல்லதா இருக்கும். கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க, போடறேன்.

மன்வீர் சேந்துட்டா. காலைல கிராமத்துலேருந்து பஸ்ல வர்றா. பாடம் நடத்தற மேடம் நல்ல புள்ளைன்னு சொல்றாங்க. ஆனா மார்க் ஏற மாட்டேங்குது. முதல் பரீட்சையில அஞ்சு. அடுத்ததுலயும் அஞ்சு. டேப்பைக் கேட்டு எழுதற லிசனிங்லதான் அடி. "வீரோவோட தங்கச்சியா இது?"ன்னு தில்லன் கேக்கறார். பிளஸ் டூவுல அவ இங்கிலீஷ்ல எவ்வளவு நல்லா வாங்கினான்னு உனக்கே தெரியும். என்னமோ, பயமா இருக்கும்.

இன்னொண்ணு. முன்னாடி எல்லாம் 'ஜீஜாஜி, ஜீஜாஜி'ன்னு, அத்தான் அத்தான்னு, என் பின்னாடியே வந்து வம்புக்கு இழுப்பாளே, கல்யாணத்தன்னிக்கு என் செருப்பை ஒளிச்சு வெச்சவ. இப்ப 'வீர்ஜி'ங்கறா. அண்ணேன்னு. பீஜி அடுப்படியிலேருந்து கத்துறாங்க, "ஏண்டி, கட்டிக்கப் போறவனை எவளாவது அண்ணேன்னு கூப்பிடுவாளா? நாக்கு அழுகிடும்!" "வாய் தவறி வந்துடுச்சு"ங்கறா. மறுபடியும் அதையேதான் சொல்றா. எனக்கு எதுன்னாலும் ஒண்ணுதான்.

பல்தேஜ்


மேல் முகாம்
19 ஜனவரி 2018

மாப்ளே,

நெய் உருண்டை பொடியாத்தான் வந்துது. ஆறு பேர் நக்கித் தீத்துட்டோம். டப்பாவை நாயர் வெச்சுக்கிட்டான்.

அஞ்சு பேண்டா? என் மானத்தை வாங்கறா! நீ என்னடா அங்க பண்றே? நாலு வருஷமா அந்த டேப்பைப் போட்டுக் கேட்டவன் நீ. குருத்வாரா புறா கூடக் கேட்டுக் கேட்டே பாட் சொல்லுமாம். நீ புறாவை விட மட்டமா? ஞாயித்துக்கிழமை போறப்ப சும்மா கீரையை முழுங்கிட்டு வராதே. பக்கத்துல உக்கார வெச்சு சொல்லிக் குடு. வீரோவுக்கும் நீதானே சென்டர் மூடின பிறகு டேப் போட்டுக் குடுத்தே. அவ இதை எனக்கு எழுதியிருக்கா. 'இவர் டேப் போடுவார், நான் அர்த்தம் சொல்வேன், அதுலயே கொஞ்சம் படிச்சுட்டார் உங்க ஃப்ரெண்டு'ன்னு.

பரீட்சை மார்ச்லன்னு அப்பா எழுதினார். இன்னும் நாள் இருக்கு. அவளை விடாதே. நான் வாக்குக் குடுத்துட்டேன் மாப்ளே. உங்கப்பாகிட்டயும், எங்கப்பாகிட்டயும். வீரோகிட்டயும் குடுத்ததா வெச்சுக்கோ.

இங்க ஒருத்தனுக்குக் கால் விரல் போயிடுச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல. அம்மாகிட்ட சொல்லாதே.

குர்ஜண்ட்


பர்னாலா
4 பிப்ரவரி 2018

மச்சான்,

உன் விரல் எல்லாம் இருக்கான்னு அடுத்த கடிதத்துல முதல் வரியில எழுது.

நீ சொன்ன மாதிரி சொல்லிக் குடுத்தேன். ரெண்டு ஞாயித்துக்கிழமை. முற்றத்துல வெயில்ல கட்டிலைப் போட்டு உக்காந்துக்குவோம். ரீடிங்குக்கு ஒரு கட்டுரை, சிமெண்ட் எப்படி வந்துதுன்னு. நான் சத்தமாப் படிச்சேன். உங்கப்பா ரெண்டு பத்தி வரைக்கும் கேட்டார். "நர்ஸ் வேலைக்குப் போறவளுக்கு எதுக்குடா சிமெண்டு? ஆஸ்பத்திரி கட்டப் போறாளா?"ன்னுட்டுத் தூங்கிட்டார்.

லிசனிங் போட்டப்ப பீஜிக்குத்தான் கோவம். "அதென்ன ஒரே தடவைதான் போடுவாங்களா? புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்கன்னு கேட்டா அடிச்சுடுவானா?"

"அவன் டேப்ல இருக்கான் பீஜி. அவனுக்குக் காது கிடையாது"ன்னேன்.

"காது இல்லாதவன்தான் எம் பொண்ணு காதுக்கு மார்க் போடறானா? நல்லா இருக்குடா உங்க பரீட்சை!"

மன்வீர் சிரிச்சா. அந்த வீட்ல சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாச்சு. உடனே வாயை மூடிக்கிட்டா, தப்புப் பண்ணிட்ட மாதிரி.

ஒரு நாள் சென்டர்ல லைன்ல இரைச்சல் வருதான்னு பாக்க, நானே ஒரு ஹெட்போனை மாட்டிக்கிட்டு உக்காந்தேன். கை சும்மா இருக்க வேணாம்னு விடையும் எழுதினேன். மேடம் திருத்திப் பாத்துட்டு எட்டு பேண்டுன்னாங்க. தில்லன் சிரிச்சுக்கிட்டே, "உன் படத்தையும் போர்டுல போட்டுடவா?"ன்னார். எந்த இடத்துலன்னு கேக்கணும்னு தோணுச்சு. கேக்கல.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இதை எழுதலாமா வேணாமான்னு யோசிச்சுக் கை அலுத்துப் போச்சு.

லேப்ல என் இடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். டேப்பை ஓட விட்டா எனக்கு வேலை இல்ல. முப்பது தலையையும் முப்பது பென்சிலையும் பாத்துக்கிட்டு இருப்பேன். இந்த டேப்புல எல்லாம் ஒரு குசும்பு இருக்கு. ஒரு பொம்பளை போன்ல வீட்டு நம்பர் சொல்லுவா. புள்ளைங்க எழுதும். உடனே, "ஐயோ மன்னிச்சுக்கோங்க, அது பழைய வீட்டு நம்பர், இப்ப மாறிட்டோம்"னு வேற நம்பர் சொல்லுவா. அத்தனை பேரும் அடிச்சு அழிச்சு எழுதறதுக்குள்ள அடுத்த கேள்வி ஓடிப் போயிடும். கேட்டுப் பழகினவங்க மட்டும் முதல் நம்பருக்கு எழுதமாட்டாங்க. காத்திருப்பாங்க.

போன செவ்வாக்கிழமை அந்த டேப். இருபத்தொன்பது பென்சில் ஓடுச்சு. மன்வீர் பென்சில் நின்னுது. அசையல. பழைய வீட்டு நம்பர் போச்சு, புது நம்பர் வந்துது, அதை நிதானமா எழுதினா. அப்புறம் ரப்பரை எடுத்தா மச்சான். எழுதினதை சுத்தமா அழிச்சா. ஊதித் தட்டிட்டுப் பழைய நம்பரை எழுதினா.

ஒரு மிஷின்ல கோளாறுன்னா அது எங்க வேணும்னாலும் வரும். எப்பவும் ஒரே இடத்துல, அதுவும் நல்லா வேலை செஞ்ச பிறகு வந்தா, அது கோளாறு இல்ல, யாரோ ஸ்விட்சைத் தொடறாங்கன்னு அர்த்தம். அது எனக்குத் தெரியும்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடப் போனேன். "புது நம்பரை ஏன் அழிச்சே?"ன்னு கேட்டேன்.

அவ நின்னுட்டா. "பாத்துட்டீங்களா?"

"கண்ணாடி அதுக்குத்தானே வெச்சிருக்கு."

"வீர்ஜி, நான் ஆறரை வாங்கினா மறுநாளே தலைல துப்பட்டாவைப் போட்டுடுவாங்க. அஞ்சு வாங்கினா தள்ளிப்போகும். ஒரு வருஷம் தள்ளினா, உங்கப்பா வேற பேண்டுக்காரியைத் தேடிப் புடிச்சுடுவார்."

"என்னை அவ்வளவு புடிக்கலையா?"ன்னு கேட்டேன். எதுக்குக் கேட்டேன்னு தெரியல. கேட்டுட்டேன்.

"உங்களைப் புடிக்கும். சின்ன வயசுலேருந்து புடிக்கும். எங்கக்கா புருஷனாப் புடிக்கும்." பஸ் வந்துடுச்சு, இவ ஏறல. "எனக்குக் கனடா போகணும். படிக்கணும். போறதுக்கு அக்கா கட்டில்ல படுக்கணும்னா எனக்கு அந்த ஊரே வேணாம். இதை நான் யார்கிட்ட சொல்றது? அம்மா அழுவாங்க. அண்ணன் வாக்குக் குடுத்துட்டான். உங்ககிட்ட சொல்லலாம்னா, நீங்க எதைச் சொன்னாலும் சரிங்கறீங்க. கல்யாணத்துக்கும் சரி. கீரைக்கும் சரி."

அடுத்த பஸ்ல போயிட்டா.

உனக்கு எழுதாம நான் முடிவு பண்ணக் கூடாது. எழுதிட்டேன். நீ சொல்லு.

பல்தேஜ்


மேல் முகாம்
17 பிப்ரவரி 2018

பல்தேஜ்,

விரல் எல்லாம் இருக்கு. பத்து.

உன் கடிதத்தைப் படிச்சுட்டு அடுப்புல போடப் போனேன். நாயர் புடுங்கிட்டான்.

உன்னை டேப் போடச் சொன்னாங்களா, என் தங்கச்சியை வேவு பாக்கச் சொன்னாங்களா? அவ சின்னப் பொண்ணு. இருபது வயசுல யாருக்கு என்ன தெரியும்? கல்யாணம் ஆனா சரியாயிடும். வீரோ கூட முதல்ல உன்னை வேணாம்னுதான் சொன்னா, மூக்கு பெருசுன்னு. அப்புறம் உன்னை விட்டுட்டு எங்க வீட்ல ஒரு ராத்திரி தங்கினாளா?

தனியா அனுப்பறதா? ஒரு பொண்ணை, கல்யாணம் ஆகாம, அவ்வளவு தூரம்? அப்பா மண்டியில தலை நிமிர்ந்து நடக்கணுமா வேணாமா? நீ போய் அவகிட்ட ஒழுங்கா எழுதச் சொல்லு. அண்ணன் சொன்னான்னு சொல்லு.

ஒண்ணு கேக்கறேன். அவ ரப்பரை எடுத்ததை எழுதினியே, நீ என்ன நினைக்கறேன்னு ஒரு வரி எழுதினியா? இல்ல. வழக்கம் போல ஊமை. அவ வேணாங்கறா, நான் வேணுங்கறேன், நீ நடுவுல கண்ணாடி மாதிரி நிக்கறே.

வீரோவுக்கு நான் தோள் குடுக்கல பல்தேஜ். இங்க பனியில உக்காந்துக்கிட்டு இருந்தேன். அவ போனதே எனக்கு ரேடியோவுல வந்துது, அதுவும் ரெண்டு நாள் கழிச்சு. அந்த வீட்ல அவளோட மிச்சம்னு எனக்கு நீ ஒருத்தன்தான் இருக்கே. நீயும் போயிட்டா நான் லீவுல வந்து யார் கூட உக்காருவேன்? இதைப் புரிஞ்சுக்க உனக்கு எட்டு பேண்டு பத்தலையா?

குர்ஜண்ட்


பர்னாலா
13 மார்ச் 2018

மச்சான்,

நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுதறதுக்குத்தான் உக்காந்திருக்கேன். கொஞ்சம் நீளமாப் போகும்.

உன் கடிதம் வந்த வாரம் ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்குப் போனேன். பரீட்சைக்கு இன்னும் ஆறு நாள். மன்வீரைப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடறதில்ல, பழி என் மேலயே இருக்கட்டும்னு முடிவு பண்ணியிருந்தேன். சங்ரூர் பக்கம் எங்கப்பா ஒரு இடம் பாத்துட்டார், ஏழு பேண்டுப் பொண்ணு, அதனால இது வேணாம். இந்தப் பொய்யைத்தான் சொல்லணும். பைக்ல வர்ற வழியெல்லாம் சொல்லிப் பாத்துக்கிட்டே வந்தேன், ஸ்பீக்கிங் பரீட்சைக்குப் போறவன் மாதிரி.

முற்றத்துல உங்கப்பா கரும்பு உரிச்சுக்கிட்டிருந்தார். பீஜி மாவு பிசைஞ்சுக்கிட்டிருந்தாங்க. நான் கட்டில்ல உக்காரல. நின்னுக்கிட்டே, "எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்"னேன்.

உங்கப்பா கத்தியை நிறுத்தினார். "வேற இடம் பாத்துட்டானா உங்கப்பன்? எத்தனை பேண்டு?"

பாரு, நான் சொல்லிப் பாத்த பதிலுக்கு அவரே கேள்வி எடுத்துக் குடுத்தார். "ஏழு"ன்னு வாயைத் திறந்தேன்.

உள்ளேருந்து மன்வீர், "பீஜி, டீக்கு வெல்லமா சக்கரையா?"ன்னு கேட்டா.

நான் திரும்பிட்டேன் மச்சான்.

அவ்வளவுதான் நடந்துது. முழு உடம்பும் திரும்பிடுச்சு. அது வீரோ இல்லைன்னு எனக்குத் தெரியும். நானே தீ வெச்சவன், எனக்குத் தெரியாதா. ஆனா சுவத்துக்குப் பின்னாடிலேருந்து வந்தா அது அதே குரல். ஹெட்போன் ரிப்பேர் பாக்கறவன், நாலு வருஷமா குரலைப் பிரிச்சுக் கேக்கறதே வேலை, நானே திரும்பறேன். நான் திரும்பினதை ரெண்டு பேரும் பாத்துட்டாங்க. சங்ரூர்ப் பொண்ணு அங்கேயே செத்துட்டா.

"வேற இடம் எதுவும் இல்ல"ன்னேன். "இவ பேசினா நான் திரும்பறேன். கட்டிக்கிட்டா தினமும் திரும்பணும். ஒவ்வொரு தடவையும் அங்க இவ இருப்பா. இவளுக்கும் அது தெரியும். என்னால முடியாது. அவளையும் அப்படி வெச்சுக்க முடியாது."

இவ்வளவு நான் பேசி யாரும் கேட்டதில்ல. நானே கேட்டதில்ல.

பீஜி மாவுக் கையோட எழுந்து வந்தாங்க. அறையப் போறாங்கன்னு நினைச்சேன். "நான் வாசப்படி வரைக்கும் போயிருக்கேன்டா"ன்னாங்க. "இவ பஸ்ஸை விட்டு இறங்கி 'பீஜி'ன்னு கூப்பிடுவா. நான் ஓடுவேன், 'என் வீரோ, தனியாவா வந்தே, மாப்ளை எங்க?'ன்னு கேக்கறதுக்கு. வாசல்ல போய் நின்னு, துப்பட்டாவைச் சரி பண்ற மாதிரி பண்ணிட்டு உள்ள வந்துடுவேன்."

டீ வந்துது. வெல்லம்.

மருமகனை வழியனுப்ப உங்கப்பா எப்பவும் கேட் வரைக்கும் வருவார். அன்னிக்கு வரல. உரிச்ச கரும்பையே திரும்ப உரிச்சுக்கிட்டிருந்தார். நான் வெளிய வந்து பைக்கை உதைச்சேன், ஸ்டார்ட் ஆகல. பெட்ரோல் இருந்துது, பிளக் போன வாரம்தான் மாத்தினேன். வண்டியில ஒண்ணும் இல்ல, சாவியையே நான் திருப்பல. உங்க வீட்டுச் சுவத்துல கையை வெச்சுக்கிட்டு நின்னேன். வீரோ போன அக்டோபர்லேருந்து கண்ணுல வராதது எல்லாம் அங்க வந்துது, நடு ரோட்ல, ட்ராக்டர்ல போறவன் நிறுத்திட்டு, "தண்ணி வேணுமா பாயி"ன்னு கேக்கற அளவுக்கு.

அப்புறம் நான் அந்த வீட்டுக்குப் போகல. கூப்பிட்டு ஆளும் வரல. நீ டிசம்பர்ல எழுதினே பாரு, கொஞ்சம் கொஞ்சமா வர்றது நிக்கும்னு. அது ஒரே நாள்ல நின்னுடுச்சு.

மன்வீர் சனிக்கிழமை பரீட்சை எழுதிட்டா. ரிசல்ட் இன்னும் வரல. வெளிய வந்தவளை தூரத்துலேருந்து பாத்தேன். கையில ரப்பர் இல்ல.

இப்ப நீ எனக்குப் பண்ண வேண்டியது ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமைப் பேப்பர்ல பேண்டு கேட்டு மாப்ளை வீட்டுக்காரங்க விளம்பரம் போடறாங்களே, அந்தப் பக்கத்தை உங்கப்பா மடிச்சு வெச்சிருந்தார், நான் பாத்தேன். நான் விலகினா அந்த இடத்துல எவனோ ஒருத்தன் வந்து நிப்பான். அவ வேணாம்னது என்னை இல்ல மச்சான். தன் படிப்புக்கு ஒரு ஆம்பளையைக் கட்டித் தூக்கிட்டுப் போறதைத்தான் வேணாங்கறா. உங்கப்பா என் பேச்சைக் கேக்க மாட்டார், அந்த உரிமை எனக்கு இல்ல. உன் பேச்சைக் கேப்பார். அவ தனியாப் போகட்டும்னு எழுது. நீ எழுதினா நடக்கும், எழுதாட்டி நடக்காது.

என் மேல எவ்வளவு வேணும்னாலும் கோவப்படு. நியாயம்தான். உன் வீட்ல நான் வீரோவோட மிச்சமா இருக்கணும்னு கேட்டே. அவ இடத்துல இன்னொருத்தியை உக்கார வெச்சுட்டு நான் எப்படி அவ மிச்சமா இருப்பேன்?

இதுதான் என் ஒரு வரி.

பல்தேஜ்


அடிவார முகாம்
11 ஏப்ரல் 2018

பல்தேஜ்,

கீழ இறங்கிட்டோம். இங்க போன் எடுக்குது. ஆனா உன்கிட்ட போன்ல பேச எனக்கு வாய் வரல, அதனால எழுதறேன்.

உன் கடிதத்தை நாலஞ்சு நாளாப் படிச்சேன். ஒரே மூச்சுல படிக்க முடியல. அம்மா வாசப்படி வரைக்கும் போறது எனக்குத் தெரியாது. எனக்கு யாரும் எழுதல.

அப்பா எழுதியிருந்தார். மன்வீர் ஏழு வாங்கிட்டாளாம். பதிண்டாவுலேருந்து ரெண்டு மாப்ளை வீடு வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்களாம், என் சம்மதம் வேணும்னு கேட்டார். நான் பதில் போட்டுட்டேன். யாருக்கும் இல்ல, அவ தனியாப் போறா, ஊர் பேசினா நான் லீவுல வந்து ஊரோட பேசிக்கறேன்னு. அப்பா போன்ல கூப்பிட்டுக் கத்தினார். கத்தி முடிச்சதும், "அவளுக்கு ஸ்வெட்டர் எத்தனை வேணும், அங்க உன் பனி மாதிரியா?"ன்னு கேட்டார். அதுக்கு மேல அவர் தடுக்க மாட்டார்.

எனக்கு உன் மேல கோவம் இருக்கு. இருக்கட்டும். நீ சொன்னதுல தப்பு கண்டுபுடிக்க முடியல, அதுக்கும் சேத்துத்தான் கோவம்.

ஆகஸ்ட் கடைசியில அவ கிளம்பணும். எனக்கு அப்ப லீவு கிடைக்காது, கேட்டுப் பாத்துட்டேன். அப்பாவுக்கு முட்டி வலி, டில்லி வரைக்கும் வண்டியில உக்கார முடியாது. அம்மா அழுது அவளை ஏற விடமாட்டாங்க. அவ பெட்டியைத் தூக்கி வண்டியில வெச்சு, ஏர்போர்ட் வாசல்ல அவ உள்ள போய்க் கண்ணுக்கு மறையற வரைக்கும் நிக்கறதுக்கு நம்ம வீட்டு ஆம்பளை ஒருத்தன் வேணும். அப்பாகிட்ட பேர் சொல்லிட்டேன்.

நீ போ.

குர்ஜண்ட்